டைவர்ஸ் பேப்பர் வெள்ளத்துல போயிருச்சு, திரும்ப காப்பி வாங்குறது எப்படி? வேற ஆளுங்க எடுத்துட முடியுமா?

முடிச்சூர்காரன்:
வணக்கம் மக்களே, அக்காவுக்காக கேக்குறேன். 2012ல தெற்குப் பக்கம் ஒரு மாவட்ட கோர்ட்ல அவளுக்கு டைவர்ஸ் ஆச்சு, ரெண்டு பேரும் பேசி வாங்கினது இல்ல, மூணு வருஷம் கேஸ் நடந்து வந்தது. அப்புறம் எங்ககூடவே முடிச்சூர் வந்துட்டா, 2015 டிசம்பர் வெள்ளத்துல கீழ் வீட்டுல தண்ணி ஏறி பீரோ அடித்தட்டுல இருந்த ஃபைல் மொத்தமும் கூழாயிருச்சு. அப்போ ரேஷன் கார்டு, பத்திரம்னு அலைஞ்சோமே தவிர இத யாரும் நினைக்கல. இப்போ ஒரு நல்ல இடம் வந்திருக்கு, மாப்பிள்ளை கனடாவுல இருக்கார், அவருக்கும் ரெண்டாவதுதான். அக்காவோட பழைய கல்யாணம் முடிஞ்சதுக்கு பேப்பர் வேணுமாம். கேஸ் நம்பர் தெரியாது, கேஸ் நடத்துன வக்கீல் இறந்துட்டார். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல போய் கேட்டா தருவாங்களா? ஒரு புரோக்கர் எட்டாயிரம் குடு, ஆன்லைன்லயே டைவர்ஸ் சர்டிபிகேட் எடுத்துத் தரேங்குறான். இதைவிட பெரிய கவலை, மாப்பிள்ளையோட மாமா "கோர்ட்ல நமக்கு ஆள் இருக்கு, தீர்ப்ப நாங்களே எடுத்துப் படிச்சுக்கிறோம்"னு சொல்றார். அக்காவோட பழைய புருஷன் அக்கா மேல வாய்க்கு வந்ததெல்லாம் எழுதிக் குடுத்திருந்தான் அந்தக் கேஸ்ல, அதெல்லாம் வெளிய வருமா? அக்கா ரெண்டு நாளா சரியா சாப்பிடல.

கறுப்புகோட்டு:
தம்பி மொதல்ல அந்த எட்டாயிரத்த மடியில கட்டி வைங்க. நம்ம தமிழ்நாட்டுல டைவர்ஸ் சர்டிபிகேட்னு தனியா ஒரு காகிதமே கிடையாது, கோர்ட் போட்ட டிகிரிதான் (பட்டப்படிப்பு இல்ல, தீர்ப்பாணை) எல்லாத்துக்கும் ஆதாரம், அவன் என்னத்த எடுத்துத் தரப்போறானோ. சார்பதிவாளர் ஆபீஸ்ல கல்யாணம் பதிஞ்சிருந்தா அந்தப் பதிவு இருக்கும், டைவர்ஸ் இருக்காது, அங்க போறது வீண்.

கேஸ் நம்பர் இல்லைன்னு பயப்படாதீங்க. ஈகோர்ட்ஸ் சைட்ல (கோர்ட் கேஸ் விவரம் தேடுற அரசு இணையதளம்) மாவட்டம், கோர்ட் செலக்ட் பண்ணி அக்கா பேரு, வருஷம் போட்டுத் தேடுங்க, ஸ்பெல்லிங் நாலு விதமா போட்டுப் பாருங்க, அந்தாளு பேரையும் போட்டுப் பாருங்க. வருஷம் போடும்போது தீர்ப்பு வந்த 2012 இல்ல, கேஸ் போட்ட வருஷம், இதுல நிறைய பேர் ஏமாந்து "எங்க கேஸே இல்ல"ன்னு வந்து நிப்பாங்க. பழைய கேஸ் ஏறாமலும் இருக்கலாம், அப்போ கோர்ட்லயே ரெஜிஸ்டர்ல தேடச் சொல்லி மனு குடுக்கணும். ஹெச்எம்ஓபின்னு (இந்து திருமண வழக்கு மனு) ஒரு நம்பர் கிடைக்கும், அதுதான் சாவி. அங்க சப் கோர்ட்ல நடந்து, பின்னாடி ஃபேமிலி கோர்ட் வந்திருந்தா கேஸ் கட்டு அங்க போயிருக்கும், ரெண்டு இடத்துலயும் விசாரிங்க.

நம்பர் கிடைச்சா காப்பி அப்ளிகேஷன் போடுங்க, அக்காவே நேர்ல போய் போடலாம், வக்கீல் கட்டாயம் இல்ல. போட்டதோட முடிஞ்சுதுன்னு ஊருக்கு வந்துடாதீங்க. எத்தனை பக்கம் வருதுன்னு பாத்து இவ்ளோ ஸ்டாம்ப் கட்டுன்னு நோட்டீஸ் போர்டுல லிஸ்ட் ஒட்டுவாங்க, அந்தக் கெடுவுக்குள்ள கட்டலைன்னா மனுவ அடிச்சுடுவாங்க, திரும்ப முதல்லேந்து. காப்பி கையில வந்ததும் பின்பக்கம் பாருங்க, மனு போட்ட தேதி, ஸ்டாம்ப் கேட்ட தேதி, கட்டின தேதி, ரெடியான தேதி எல்லாம் சீல்ல இருக்கும். அதுவும் கோர்ட் சீலும் கையெழுத்தும் இருந்தாதான் சான்றிட்ட நகல், சும்மா ஜெராக்ஸ எந்த தூதரகமும் மதிக்காது. தீர்ப்பு சொன்னப்போ ஒரு காப்பி ஃப்ரீயா குடுத்திருப்பாங்க, இந்து திருமணச் சட்டம் 23(4) அப்படித்தான் சொல்லுது, வெள்ளத்துல போனது அதுவா இருக்கும். மறுபடி வாங்க காசு உண்டு, ஆனா எட்டாயிரமெல்லாம் ஆகாது. எத்தனை வருஷம் கழிச்சும் கேக்கலாம்.

விருதுநகர் வெயில்:
எனக்கு இதே மாதிரி ஒண்ணு நடந்தது. அப்பாவுக்கு எங்கம்மா ரெண்டாவது சம்சாரம், முதல் சம்சாரத்தோட 1983ல டைவர்ஸ் ஆயிருச்சுன்னு வீட்டுல எல்லாருக்கும் தெரியும், பேப்பர் மட்டும் யார்கிட்டயும் இல்ல. அப்பா போனப்புறம் அம்மாவுக்கு குடும்ப பென்ஷன் கேட்டப்போ அந்த டிகிரி இல்லாம நகராதுன்னுட்டாங்க. அப்போ எங்க ஊரு ராமநாதபுரம் ஜில்லா, 85லதான் பிரிஞ்சுது, கட்டு எந்த கோர்ட்ல இருக்குன்னு கண்டுபிடிக்கவே மூணு மாசம். நான் கேஸ்ல பார்ட்டி இல்லையே, அதனால வாரிசு சான்று, இறப்பு சான்று, பென்ஷன் ஆபீஸ் லெட்டர் எல்லாம் வச்சு அஃபிடவிட் போட்டு, ஜட்ஜ் ஆர்டர் போட்ட பிறகுதான் குடுத்தாங்க. பெத்த மகனுக்கே இந்தக் கதின்னா மாப்பிள்ளையோட மாமாவுக்கு எப்படின்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

முடிச்சூர்காரன்:
ரொம்ப நன்றி சார், நன்றிண்ணே. அப்போ மாமா சும்மா உதார் விடுறாரா? ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்டம்) போட்டு வாங்கலாம்னு வேற சொன்னாராம்.

கறுப்புகோட்டு:
ஆர்டிஐல முடியாது. கோர்ட் கட்டுல இருக்கிற காப்பிய கோர்ட் விதிப்படி மனு போட்டுத்தான் வாங்கணும், ஆர்டிஐல கேக்கக்கூடாதுன்னு குஜராத் ஹைகோர்ட் விஷயத்துல 2020லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. மூணாவது ஆள் கேட்டா விருதுநகர்காரர் சொன்ன மாதிரி காரணம் காட்டணும், "பொண்ணு எப்படின்னு பாக்கணும்"ங்குறதெல்லாம் காரணமே இல்ல. டைவர்ஸ் கேஸ் விவரத்த அச்சடிச்சோ வெளியிட்டோ பரப்பக்கூடாதுன்னு இந்து திருமணச் சட்டத்துல 22வது பிரிவு இருக்கு, மீறினா அபராதம் ஆயிரம் ரூபா வரைக்கும். 1955ல ஆயிரம் பெரிய காசு, இப்போ ஒரு வேளை பிரியாணி செலவு, அது வேற கதை. ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, கேஸ் ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போயிருந்தா அந்தத் தீர்ப்பு நெட்ல கிடக்க வாய்ப்பு இருக்கு. அப்பீல் போச்சா?

முடிச்சூர்காரன்:
போகல சார், அவன் ஆறே மாசத்துல வேற கல்யாணம் பண்ணிட்டான்.

செம்பருத்தி:
தம்பி, நானும் டைவர்ஸ் வாங்கி மறுமணம் பண்ணவதான், அதனால சொல்றேன். தீர்ப்பு வேற டிகிரி வேற, அக்காவுக்கு இத நல்லா புரிய வைங்க. தீர்ப்புலதான் அவன் சொன்னது, இவ சொன்னது, சாட்சி சொன்னதுன்னு எல்லா அழுக்கும் இருக்கும். டிகிரி ரெண்டு மூணு பக்கம்தான், பேரு, தேதி, இந்தத் திருமணம் ரத்து செய்யப்படுகிறதுன்னு வரும், அவ்ளோதான். என் கேஸ்ல நான் ரெண்டையும் சேத்து ஸ்கேன் பண்ணி மாப்பிள்ளை வீட்டுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பித் தொலைச்சேன், அது சித்தப்பா, பெரியப்பா, அவங்க மச்சான்னு போய் கடைசியில கல்யாண வீட்டுல ஒருத்தி என்கிட்டயே வந்து பத்தி பத்தியா கேக்குறா. கோர்ட் பூட்டி வச்சத நாமளே தெறந்து விட்டா யாரக் குத்தம் சொல்ல? ரெண்டுக்கும் மனு போட்டு வாங்கி வச்சுக்கோங்க, ஆனா தீர்ப்பு அக்கா பீரோவுல இருக்கட்டும், மேல் தட்டுல. வெளிய டிகிரி மட்டும். மாப்பிள்ளை நேரா கேட்டா அக்கா வாயால சொல்லட்டும், மாமாவுக்கு எதுக்கு?

கறுப்புகோட்டு:
மேடம் சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஒரு சின்ன விஷயம், டிகிரிலயும் பிரிவு நம்பர் இருக்கும், 13(1)(ஐஏ)ன்னு இருந்தா கொடுமைன்னு விவரம் தெரிஞ்சவனுக்குப் புரியும். அதுக்கு மேல கதை எதுவும் இருக்காது. டிகிரி தமிழ்ல இருந்தா கனடாவுக்கு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு வேணும், அதையும் இப்பவே பாத்துடுங்க.

கம்பம் குமரேசன்:
நடுவுல வரேன் மன்னிக்கவும். எங்க சொந்தத்துல ஊர்ப் பெரியவங்க முன்னாடி ஸ்டாம்ப் பேப்பர்ல விடுதலைப் பத்திரம் எழுதி நோட்டரி கிட்ட கையெழுத்து வாங்கி பிரிஞ்சாங்க, அதுக்கும் கோர்ட்ல காப்பி கிடைக்குமா?

கறுப்புகோட்டு:
கோர்ட்டுக்கே போகலையே, அங்க என்ன காப்பி இருக்கும்? அத்து விடுற (ஊர் முன்னாடி பிரிச்சு விடுற) வழக்கம் உள்ள சமூகம்னா அதே இந்து திருமணச் சட்டம் 29(2)ல இடம் இருக்கு, ஆனா அந்த வழக்கத்த நிரூபிக்கணும், வெறும் நோட்டரி கையெழுத்து டைவர்ஸ் ஆகாது. தனியா ஒரு கேள்வியா போடுங்க, விவரமா எழுதுறேன்.

முடிச்சூர்காரன்:
மக்களே கேஸ் நம்பர் கெடச்சிருச்சு!! 2009னு போட்டுத் தேடினோம், அக்கா பேருல ஒரு எழுத்து தப்பா ஏத்தியிருக்காங்க. திங்கக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸ்ல கிளம்புறோம், அக்காவே வந்து மனு போடுறேன்னுட்டா. மாமாகிட்ட டிகிரி வந்ததும் தரோம்னு அம்மா சொல்லிட்டாங்க, அவர் "அப்போ தீர்ப்பு?"ன்னு கேட்டாராம், அம்மா காபி ஆத்த உள்ள போயிட்டாங்களாம்.