கொல்லிமலை இறக்கத்தில் பிரேக் பெடல் தரை வரை போய்விட்டது, உதவுங்கள்

கேள்வி:
போன ஞாயிறு குடும்பத்தோடு கொல்லிமலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்கினோம். 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியதும் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கித் தரையைத் தொட்டது. விட்டு விட்டு மிதித்ததில்தான் கொஞ்சம் பிடித்தது. ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் பழையபடி கெட்டியாக இருக்கிறது! பின்சீட்டில் என் இரண்டு பிள்ளைகள். இன்னும் பதற்றம் போகவில்லை.

2017 பெட்ரோல் ஹேட்ச்பேக், 52,000 கி.மீ. ஓடியது. பிரேக் பேட் (சக்கரத்தோடு சுற்றும் வட்டைப் பிடித்து நிறுத்தும் கட்டை) மாற்றி ஆறு மாதம்தான் ஆகிறது. ஒர்க்‌ஷாப்பில் குறை எதுவும் இல்லை என்கிறார்கள். டயர் வண்டியோடு வந்தது, பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டைகள்) நன்றாக இருக்கிறது. மழையில் மட்டும் லேசாக வழுக்கும்.

பதில்:
எந்த கியரில் இறங்கினீர்கள் தம்பி? பிரேக் ஆயில் எப்போது மாற்றியது?

கேட்டவர்:
மூன்றாவது கியர் அண்ணா. ஆயில் குறைந்தால் ஊற்றியிருக்கிறார்கள். மாற்றிய ஞாபகம் இல்லை.

பதில்:
மூன்றாவது கியரில் இன்ஜின் வண்டியை அதிகம் பிடிக்காது, பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கியிருப்பீர்கள். அந்தச் சூட்டில் ஆயில் கொதித்திருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதில் 230 டிகிரி வரை தாங்கும், ஈரம் ஏறினால் 155 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் லைனுக்குள் ஆவிக்குமிழி உண்டாகும். நீங்கள் மிதிக்கும் மிதி குமிழியை அமுக்குவதிலேயே போய்விடும், பேடுக்குப் போய்ச் சேராது. ஆறியதும் குமிழி அடங்கிவிடும், அதனால்தான் ஒர்க்‌ஷாப்பில் எதுவும் தெரியவில்லை. பேட் சூடேறியது மட்டும் காரணமென்றால் பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டிதான் நிற்காது.

பழைய ஆயிலை முழுக்க எடுத்துவிட்டு, வண்டியிலுள்ள பிரேக் ஆயில் டப்பா மூடியில் போட்டிருக்கும் வகையையே ஊற்றி, நாலு சக்கரத்தின் பிரேக் லைனிலும் இருக்கும் காற்றை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் இன்ஜினை ஓடவிட்டு, நின்ற இடத்திலேயே பெடலை மிதித்துப் பிடியுங்கள். மெல்ல மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரையும் (பெடலை மிதிக்கும்போது ஆயிலை லைனுக்குள் தள்ளும் பாகம்) பார்க்க வேண்டும்.

இன்னொருவர்:
டயரின் பக்கவாட்டில் டாட் (DOT, இது ஆயில் வகை இல்லை) என்று தொடங்கும் வரியில் கடைசி 4 எண் என்ன?

கேட்டவர்:
3416.

இன்னொருவர்:
2016ஆம் வருடத்தின் 34ஆவது வாரம் செய்த டயர். பட்டன் இருந்தும் ரப்பர் இறுகிப்போயிருக்கும், மழையில் வழுக்குவது அதனால்தான். பிரேக்கைச் சரிசெய்தாலும் ரோட்டைப் பிடிக்க வேண்டியது டயர்தானே. நான்கையும் மாற்றிவிடுங்கள்.

கேட்டவர்:
ஆயில் மாற்றியாச்சு. வெளியே வந்தது கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. பெடல் இறங்கவில்லை. டயரில் பட்டனுக்கு நடுவே மெல்லிய வெடிப்பு, நாளைக்கே மாற்றுகிறேன். இருவருக்கும் மிக்க நன்றி.

பதில்:
சந்தோஷம் தம்பி. அடுத்த முறை இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள், வளைவு நெருங்கினால் முதல் கியர். பிரேக் மேல் காலை வைத்துக்கொண்டே வராமல், அழுத்தி மிதித்து வேகம் குறைந்ததும் விட்டுவிடுங்கள்.