மந்திர மணி நாவல்: பிள்ளைகள் ஐந்தாம் அத்தியாயத்திலேயே கீழே வைத்துவிடுகிறார்கள், எங்கே இடிக்கிறது?

நீலவானம்:
10–13 வயதுக்கான மாயாஜால சாகச நாவல். முதல் வரைவு 46 அத்தியாயம், 52,000 சொல்.

கதை இது: ஏரி வற்றும்போது மதகுக்குள் ஒரு வெண்கலக் கைமணி கிடைக்கிறது. அதை அடித்தால் ஓசை எட்டும் தூரம்வரை எல்லா உயிரும் அப்படியே உறைந்துவிடும். 12 வயது இனியனும் 9 வயதுத் தங்கை பூவையும் மதகு வழியாக வேறொரு நாட்டுக்குப் போய், மூன்று நாளில் 200 கி.மீ. நடந்து, பௌர்ணமி நள்ளிரவில் நிலா எழும் நேரத்தில் மலைக்கோட்டையில் மணியைத் தொங்கவிட வேண்டும்.

முதல் நான்கு அத்தியாயம் அந்த நாட்டு அரச வம்சத்தின் வரலாறு. ஐந்தில் இனியனின் பள்ளிக்கூடம். ஒன்பதில் மதகு திறக்கும். படித்துப் பார்த்த பிள்ளைகள் ஐந்தைத் தாண்டவில்லை. "போர் அடிக்குது" என்பதோடு சரி. எதை வெட்டுவது?

கத்தரி:
காரணத்தை நீங்களே எழுதிட்டீங்க. வம்ச வரலாறு நாலு அத்தியாயமும், பள்ளிக்கூட அத்தியாயமும் போகட்டும். தூக்கி எறிய வேண்டாம், தனிக் கோப்பில் வைங்க. எந்த இடத்தில் ஒரு பாத்திரத்துக்கு அந்தத் தகவல் இல்லாமல் அடுத்த அடி வைக்க முடியாதோ, அங்கே ரெண்டு மூணு வரியா உள்ளே விடுங்க. பாதிக்கு மேல் தேவையே படாது.

மணி முதல் அத்தியாயத்திலேயே கிடைக்கணும், அந்த அத்தியாயம் முடியறதுக்குள்ள ஒரு தடவை அடிக்கணும். மதகு மூணாவதில் திறக்கட்டும். இந்த வயசுக்கு மொத்தக் கதையில் பத்தில் ஒரு பங்கு தாண்டியும் வாசல் திறக்கலைன்னா புத்தகம் மூடிடும்.

இன்னொண்ணு. "அப்பா அம்மாகிட்ட ஏன் சொல்லலை?"ன்னு எந்தப் பிள்ளையும் கேட்கும். மணியோட முதல் அடியிலேயே அம்மா உறைஞ்சு போகட்டும். தோசைக்கல்லில் மாவு ஊத்தின கரண்டி அந்தரத்தில் நிற்குது, கல்லு மட்டும் புகையுது. பெரியவங்க கதையை விட்டு வெளியே போயாச்சு, பிள்ளைங்க கிளம்பறதுக்குக் காரணமும் வந்தாச்சு. அடுப்பை அணைச்சிட்டுக் கிளம்பற வரியை மறந்துடாதீங்க, வாசகர் கேட்பாங்க.

ஏன்_எப்படி:
வெட்டுவது இருக்கட்டும், மணியின் விதிகள் எங்கே? நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் எனக்கு நான்கு ஓட்டைகள் தெரிகின்றன.

அடிப்பவனுக்கும் ஓசை கேட்கிறதே, அவன் ஏன் உறையவில்லை? வில்லன் காதில் தேன்மெழுகு அடைத்துக்கொண்டு வந்தால்? ஓடும்போது மணி தானாக அடிக்காதா? உறைந்தவர்கள் எப்போது மீள்வார்கள்?

கடைசிக் கேள்விதான் முக்கியம். சிறிது நேரத்தில் மீண்டுவிடுவார்கள் என்றால் மணி இலவச ஆயுதம். ஒவ்வொரு சண்டையையும் ஓர் அடியில் முடித்துவிடலாம், கதை செத்துவிடும். மணி கோட்டையில் தொங்கும்வரை மீட்சியே இல்லை என்று வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு அடிக்கும் எதிரியோடு சேர்ந்து வழிகாட்டி வந்த படகோட்டியும், மரத்துக் குருவியும், வண்டி மாடும் உறையும். அப்போது பூவை அடிக்கத் தயங்குவாள். அந்தத் தயக்கம்தான் உங்கள் கதை.

மணியைத் தொட்டிருக்கும்வரை காப்பு என்று விதி வைக்கலாம். இங்கே எதிரொலியைப் பயன்படுத்துங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். எதிர்ப்பாறை 340 மீட்டர் தள்ளி இருந்தால் இரண்டு நொடியில் ஓசை திரும்பி வரும். பள்ளத்தாக்கில் நாலாபுறமும் பாறை என்றால் கடைசி எதிரொலி அடங்கும்வரை கையை எடுக்கக் கூடாது. அவசரத்தில் எடுத்தவன் உறைவான். இனியனையே அப்படி இழந்தால் கதையின் பின்பாதி முழுக்கத் தங்கையின் கைக்குப் போகும்.

மணியின் நாக்கைத் துணியால் சுற்றிக் கட்டித்தான் தூக்கிக்கொண்டு ஓட முடியும். முடிச்சை அவிழ்க்கப் பத்து நொடியாவது ஆகும். ஈரத்துணி என்றால் இன்னும் இறுகும். துரத்தல் காட்சியில் அந்தப் பத்து நொடி தங்கம்.

காது கேளாத பாத்திரம் ஒன்று கட்டாயம் வேண்டும். மணி அவளை ஒன்றும் செய்யாது. ஆனால் அது திடீர் அதிர்ஷ்டமாகக் கடைசியில் வரக் கூடாது. அவள் கேளாதவள் என்பது ஆரம்பத்திலேயே, வேறு வேலையாக, காட்சியில் பதிந்திருக்க வேண்டும்.

வடகரை:
நிலாவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! பௌர்ணமி நிலா நள்ளிரவில் எழாது. சூரியன் மறையும்போது கிழக்கே எழும். நள்ளிரவில் உச்சியில் நிற்கும். நள்ளிரவில்தான் எழ வேண்டும் என்றால் தேய்பிறை அஷ்டமியை வைத்துக்கொள்ளுங்கள், அரை நிலா கிடைக்கும். முதல் இரவில் மூன்றாம் பிறை வருமானால் அது மாலையில் மேற்கே தெரியும், சீக்கிரம் மறைந்தும் விடும். அங்கிருந்து பௌர்ணமிக்குக் கிட்டத்தட்ட பன்னிரண்டு நாள்.

200 கி.மீ. மூன்று நாளில் நடக்கவே நடக்காது. ஒன்பது வயதுப் பிள்ளை மூட்டையோடு சமதளத்தில் நாளுக்கு 15–20 கி.மீ. போனாலே பெரிது; மலையேற்றத்தில் பாதி. தூரத்தை 70 ஆக்கி, அதில் 40 கி.மீ. படகில் விடுங்கள். மணிக்கு 4 கி.மீ. ஓடுகிற ஆற்றில் துடுப்பே போடாமல் பத்து மணி நேரத்தில் வந்துவிடும். ஆறு ஓடும் திசை முக்கியம்: கோட்டை மேட்டில் இருந்தால் அதை நோக்கி ஆறு ஓடாது. முதலில் மேட்டில் ஏறி, இன்னொரு ஆற்றில் இறங்கி, கடைசியில் மறுபடி ஏறுவதாக வரைபடம் போடுங்கள். எழுதுவதற்கு முன் போட வேண்டியது அது.

அகல்விளக்கு:
கத்தரி சொன்னதில் ஒன்றை மட்டும் ஏற்கவில்லை. பள்ளிக்கூட அத்தியாயத்தை முழுசாக வெட்ட வேண்டாம். முதல் அத்தியாயத்தில் ஒரு பக்கமாவது இனியன் எதற்குப் பயப்படுவான், தங்கையிடம் எதை மறைக்கிறான் என்று தெரியட்டும். யாரென்றே தெரியாத பையன் ஆபத்தில் மாட்டினால் எந்தப் பிள்ளைக்கும் பதறாது.

பேச்சு நடையையும் பாருங்கள். கதை சொல்வது எளிய எழுத்து நடை, அண்ணன் தங்கை பேசுவது பேச்சு நடை, அது சரி. மறுநாட்டு மனிதர்கள் எல்லாரும் "யாரங்கே, நில்லும்" என்று பேசினால் மேடை நாடகம் போலாகிவிடும். அரண்மனையில் ஒருவருக்கு மட்டும் அதை விட்டுவிட்டு மற்றவர்களைச் சாதாரணமாகப் பேசவிடலாம்.

நீலவானம்:
எதிரொலியை எடுத்துக்கொள்கிறேன், வரைபடத்தையும் முதலிலிருந்து போடுகிறேன். எத்தனை சொல்லுக்குக் குறைக்கலாம்? படங்களும் போட ஆசை.

கத்தரி:
32,000, 28 அத்தியாயம். ஒரு அத்தியாயம் 1,100–1,200 சொல், ஒரே மூச்சில் படிச்சிடலாம்.

டெமி அளவு (நாவலுக்கு வழக்கமா வெக்கிற பக்க அளவு), 14 பாயிண்ட் எழுத்து, வரி இடைவெளி தாராளமா வெச்சா பக்கத்துக்கு 175 சொல் மாதிரி பிடிக்கும். 183 பக்கம் வருது. முன்பக்கங்கள் 8, அத்தியாயத் தொடக்கத்தில் விடற இடம் 14, ஆக 205. அச்சில் 16 பக்கம் ஒரு பாரம். 13 பாரத்துக்கு 208. படம் வேணும்னா 14 பாரம், 224 பக்கம். முழுப்பக்கப் படம் 16 போடலாம், வரைபடத்துக்கும் ஒரு பக்கம் மிஞ்சும்.

ஓவியருக்கு அத்தியாயத்தை மட்டும் அனுப்பாதீங்க. மணியோட உயரம், கைப்பிடி, நாக்கில் கட்டின துணியோட நிறம், பூவை பையை எந்தத் தோளில் மாட்டறாள், எல்லாம் ஒரே தாளில் எழுதிக் கொடுங்க. இல்லைன்னா மூணாவது படத்தில் இடது தோள், ஒன்பதில் வலது தோள்னு வரும். பிள்ளைங்க முதல்ல பிடிக்கிறது அதைத்தான்.