“ஆர் யூ கன்வீனியன்ட்?” – சீன மாணவர்களோடு கற்றது

சீனாவில் செங்டு நகரில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். போன மாதம் ஒரு நாள் இரவு ஒன்பதரைக்கு வீசாட் செயலியில் ஒரு மாணவியின் செய்தி: “டீச்சர், ஆர் யூ கன்வீனியன்ட் டுமாரோ?” நாளைக்குச் சந்திக்கத் தோதுப்படுமா என்று மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறாள். ஆனால் ஆங்கிலத்தில் நேரமோ இடமோ ஏற்பாடோதான் கன்வீனியன்டாக இருக்கும், ஆளைச் சொல்வதில்லை. “இஸ் டுமாரோ கன்வீனியன்ட் ஃபார் யூ?” என்று கேட்க வேண்டும்.

சீனத்தில் “நீ ஃபாங்பியன் மா?” என்று ஆளையே எழுவாயாக வைத்துக் கேட்பார்கள் (நீ என்றால் அங்கேயும் நீதான்!). அகராதியில் ஃபாங்பியனுக்கு நேரே கன்வீனியன்ட் என்று இருக்கும். அதை அப்படியே பெயர்த்து வைத்துவிடுகிறார்கள்.

மறுநாள் பலகையில் “உங்களுக்கு வசதிப்படுமா?” என்று தமிழில் எழுதினேன். அந்தக் “கு”வை வட்டமிட்டு, நேர் கீழே “ஃபார் யூ” என்று எழுதினேன். “நீங்கள் வசதியா?” என்றால் எங்கள் மொழியில் பணங்காசைப் பற்றிய கேள்வி ஆகிவிடும் என்றதும், பின்வரிசைப் பையன் தன் நோட்டிலும் அதே வட்டத்தைப் போட்டுக்கொண்டான். எனக்கு அன்று முழுக்க மனசு நிறைந்திருந்தது.

ஷென்ஜென் நகர நண்பரின் பின்னூட்டம்: எனக்கு நேர்ந்தது வேறு. சாப்பிட்டுக்கொண்டிருந்த சக ஊழியர் “கொஞ்சம் ஃபாங்பியன் பண்ணிவிட்டு வருகிறேன்” என்று எழுந்து போனார். கழிப்பறைக்குப் போவதை அப்படித்தான் சொல்வார்களாம், நம் இடக்கரடக்கல் மாதிரி. உடனடி நூடுல்ஸுக்கும் ஃபாங்பியன் மியன் என்றுதான் பெயர். ஒரே சொல்லுக்கு இத்தனை வேலை. கன்வீனியன்ட் என்ற ஒன்றை மட்டும் வைத்து எப்படிச் சமாளிப்பார்கள்?

இன்னொருவர்: அந்தச் சொல்லுக்குப் பௌத்தத் தொடர்பும் உண்டு. சமஸ்கிருத ‘உபாய’வுக்குச் சீனத்தில் ஃபாங்பியன்தான். கி.பி. 406-இல் பௌத்தத் துறவி குமாரஜீவர் சீனத்தில் மொழிபெயர்த்த தாமரை சூத்திரம் என்ற பௌத்த நூலின் இரண்டாம் அத்தியாயத் தலைப்பே அதுதான். நாம் இன்றும் உபாயம் என்கிறோமே, அதே சொல்!

முதலில் எழுதியவர்: உபாயம் எனக்குப் புதிது, நன்றி. நாளை வகுப்பில் சொல்லியே ஆக வேண்டும். அப்புறம், இன்னொரு இடமும் இடறுகிறது. ஒரு பையன் விடுப்புக் கடிதத்தில் காய்ச்சலை “எ கன்வீனியன்ட் ரீசன்” என்று எழுதியிருந்தான். படிப்பவருக்கு அது ‘சமயத்துக்கு வாய்த்த சாக்கு’ என்றுதான் படும். அவனுக்கோ உண்மையிலேயே 102 டிகிரி. அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.