15 பவுண்டு அழுத்தம் காட்டியும் அகார் கெட்டுப்போகிறது, உதவுங்கள்

கேள்வி:
செங்குத்து வகை ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலன்). 2 லிட்டர் நியூட்ரியன்ட் அகார் (பாக்டீரியா வளர்க்கும் கூழ் ஊடகம்), ஒரே குடுவையில். முள் 15 பவுண்டைத் தொட்டதிலிருந்து 15 நிமிடம் கணக்கு வைக்கிறேன். ஆட்டோகிளேவ் டேப்பில் (சூடு பட்டால் நிறம் மாறும் ஒட்டுநாடா) கருங்கோடும் விழுகிறது. ஆனால் எதுவும் விதைக்காத தட்டுகளில், 37 டிகிரியில், ஒரே நாளில் வறண்டு சுருங்கிய வெள்ளைக் காலனிகள் (பாக்டீரியாத் திட்டுகள்). நேரத்தை 45 நிமிடமாக்கலாமா?

பதில் 1:
பொறுங்கள். காலனிகள் மேற்பரப்பில் மட்டுமா, அகாருக்குள்ளேயுமா? மேலே மட்டும் என்றால் தட்டில் ஊற்றியபோதோ அதற்குப் பிறகோ விழுந்தவையாக இருக்கும். ஊற்றாமல் குடுவையில் மிஞ்சியதையும் 37 டிகிரியில் இரண்டு நாள் வைத்துப் பாருங்கள்.

கேட்டவர்:
உள்ளேயும் இருக்கின்றன, சின்னச் சின்ன வில்லைகளாக. குடுவையில் மிஞ்சியதும் கெட்டுவிட்டது. ஆவி எட்டிப் பார்த்ததுமே வால்வை மூடிவிடுவேன், அது தவறா?

பதில் 1:
அதுதான் காரணம். உள்ளே காற்று தங்கிவிட்டது. முள் காட்டுவது காற்றும் ஆவியும் சேர்ந்த அழுத்தம். கொல்வது ஆவியின் வெப்பம். காற்று முழுதும் வெளியேறினால்தான் 15 பவுண்டில் 121 டிகிரி. பாதி தங்கினால் 112 அளவில் நின்றுவிடும், பேசில்லஸ் பாக்டீரியாவின் ஸ்போர்கள் (வெப்பம் தாங்கும் உறங்குநிலை வடிவம்) தப்பிவிடும். டேப்பை நம்பாதீர்கள், சூடு பட்டது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது.

வால்வில் வெப்பம் தாங்கும் ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையைத் தண்ணீர் வாளியில் விடுங்கள். காற்று வரும்வரை குமிழிகள் மேலே வந்து உடையும். ஆவி மட்டும் வரும்போது குமிழி மேலே வராது, தண்ணீருக்குள் படபடவென்று சத்தம் கேட்கும். அதன்பின் குழாயை வாளியிலிருந்து எடுத்துவிட்டு வால்வை மூடுங்கள். தண்ணீர் தெறிக்கும், கையுறை கட்டாயம்.

பதில் 2:
இன்னொன்றும் இருக்கிறது. அறை 121-ஐத் தொட்டாலும் 2 லிட்டரின் நடுப்பகுதி வெகுநேரம் பின்தங்கும். 45 நிமிடம் வைத்தால் ஓரத்தில் இருப்பது வெந்து பழுப்பாகும், அகார் சரியாக உறையாமலும் போகலாம். அகாரை முன்கூட்டியே உருக்கி, 500 மில்லியாகப் பிரியுங்கள். குடுவையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வேண்டாம். திருகுமூடி என்றால் கால் சுற்று தளர்த்துங்கள். முடிந்ததும் ஆவியைத் திறந்துவிடாதீர்கள், ஊடகம் பொங்கி குடுவை வாயிலுள்ள பஞ்சு அடைப்பு நனைந்துவிடும். முள் தானாகப் பூஜ்யத்துக்கு வரட்டும்.

கேட்டவர்:
சரியாகிவிட்டதா என்று எப்படி உறுதி செய்வது?

பதில் 2:
ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் ஸ்போர் ஆம்பூல் (அதிக வெப்பம் தாங்கும் பாக்டீரியாவின் ஸ்போர்களும் ஊதா நிற ஊடகமும் அடைத்த மூடிய சிறு குப்பி) ஒன்றை நூலில் கட்டி, குடுவையின் நடுவில் தொங்கவிடுங்கள். பிறகு 55–60 டிகிரியில் 48 மணி நேரம். ஊதா நிறம் மாறாமல் இருக்க வேண்டும். மஞ்சளானால் ஸ்போர் பிழைத்திருக்கிறது. ஆட்டோகிளேவில் வைக்காத ஆம்பூல் ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். அது மஞ்சளாகாவிட்டால் சோதனை செல்லாது.