மொறிஸ் மைனருக்கு ஏசி பூட்டினால் எஞ்சின் தாங்குமோ?

விசுவமடுக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். என்னட்டை 1966ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒண்டு நிக்குது. நாலு கதவு, 1098 சீசீ, ஸ்ரீ எழுத்துள்ள பழைய இலக்கத் தகடு. இதுக்கு ஏசி பூட்டவேணும். செய்து பாத்த ஆக்கள் இருந்தால் விவரமாச் சொல்லுங்கோ.

வேற கார் எடுக்கலாம்தானே எண்டு கேட்பியள். அம்மாவுக்கு இப்ப 76 வயது. முழங்கால் மடக்க ஏலாது, இழுப்பும் இருக்கு. மாசத்தில ஒருக்கால் வவுனியாவுக்குக் கிளினிக் கொண்டுபோகவேணும். விசுவமட்டில இருந்து பரந்தன் போய், ஏ9 வீதியில ஏறி, நூறு கிலோமீற்றர் மட்டில ஓட்டம். இப்ப வாற சின்னக் காருகளில குனிஞ்சு இறங்கி இருக்கிறதும் பிறகு எழும்புறதும் அவவுக்குப் பெரும்பாடு. மைனரின்ர சீற் உயரம் அவவுக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி. தானாவே ஏறுவா, தானாவே இறங்குவா. ஆனால் சோளகம் தொடங்கிச்சுதெண்டால் கண்ணாடியைத் திறக்க ஏலாது, கிரவல் புழுதி இழுப்பைக் கிளப்பிவிட்டிடும். பூட்டினால் உள்ளுக்கை அவியும். போன மாசம் மாங்குளம் தாண்டேக்கை அவவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கி, ஒரு பாலை மரத்தின்ர நிழலில முக்கால் மணித்தியாலம் நிண்டுதான் போனனாங்கள். அண்டைக்கு முடிவெடுத்தன்.

காரைப் பற்றியும் சொல்லவேணும். அப்பா ஹயர் ஓடின கார் இது. தொண்ணூறுகளில வன்னிக்குப் பெற்றோல் விடாத காலத்தில மண்ணெண்ணெயில ஓடினது. சின்னப் போத்தலில பெற்றோல் வைச்சு ஸ்ராட் எடுத்து, எஞ்சின் சூடேற மண்ணெண்ணெய்க்கு மாத்துவார். 2006 ஆனியில வவுனியாவில சொந்தக்காரர் வளவில ரிங்கர் வேலைக்கு, அதாவது தகட்டு வேலைக்கு, விட்டவர். ஆவணியில சண்டை தொடங்கினது, கார் அங்கையே நிண்டுபோச்சு. எங்களோட நிண்டிருந்தால் 2009இல முள்ளிவாய்க்காலில கைவிட்ட வாகனங்களோட இதுவும் போயிருக்கும். நான் 2011இல போய்க் கட்டி இழுத்துக்கொண்டு வந்தன். அப்பா அதைத் திரும்பக் காணேல்லை.

ஒரு கராஜில கேட்டன். டாஷ்போட்டை வெட்டவேணும், எஞ்சினைக் கழட்டி ஜப்பான் எஞ்சின் வைக்கவேணும் எண்டினம். ரெண்டுக்கும் நான் சம்மதிக்கமாட்டன். இந்த எஞ்சினோட, டாஷ்போட்டில ஒரு ஓட்டையும் போடாமல் செய்யலாமோ? கறண்ட் எடுக்கிறதுக்குப் பழைய டைனமோதான் இப்பவும் இருக்கு. பற்றறியின்ர பிளஸ் பக்கம்தான் பொடியோட எர்த்.


மாங்குளத்தான்:

அண்ணை, என்னட்டை நிக்கிறது ஒஸ்ரின் ஏ40. ஏசி பூட்டேல்லை, ஆனால் சூட்டைக் கனக்கக் குறைச்சிட்டன். வெயிலைவிட எஞ்சின் சூடுதான் உள்ளுக்கை கூட வரும். கியர்பொக்ஸுக்கு மேல இருக்கிற தகட்டில கையை வைச்சுப் பாருங்கோ, தோசைக்கல்லு மாதிரிக் கிடக்கும். கால் விரிப்பைக் கிளப்பிப்போட்டு, அடியில வெள்ளித்தாள் ஒட்டின ஃபோம் போட்டு, மேல தடிச்ச ஃபெல்ற் விரியுங்கோ. கிளச், பிரேக் பெடல் இறங்கிற ஓட்டையளில ரப்பர் இத்துப்போயிருக்கும். அதாலயும் சூடும் புழுதியும் ஏறும். கதவு பீடிங் நாலையும் மாத்துங்கோ. கூரைத் துணிக்கும் தகட்டுக்கும் நடுவிலயும் அதே ஃபோம்தான்.

இதுகளைச் செய்யாமல் ஏசி பூட்டினால் ஓட்டைப் பானையில தண்ணி அள்ளின மாதிரித்தான்.


ஓமந்தை வயர்மன்:

தம்பி, தாராளமாப் பூட்டலாம். நான் ரெண்டு மைனருக்கும் ஒரு கேம்பிரிட்ஜுக்கும் பூட்டிக் குடுத்திருக்கிறன். முதல் மைனரில பிழைவிட்டுப் படிச்சதுகளையும் சேர்த்துச் சொல்லுறன், ஆறுதலா வாசியுங்கோ.

எஞ்சின் தாங்குமோ எண்டு பயப்பிடாதேங்கோ. மாருதி 800 எண்ட கார் 796 சீசீ, 40 குதிரைவலுவுக்கும் குறைவு. அது கொம்பனியிலயே ஏசியோட வந்தது. உங்கட எஞ்சின் புதுசில 48 குதிரை. ஆனால் இது மண்ணெண்ணெய் குடிச்ச எஞ்சின். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில இருக்கிற ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழ இறங்கும், ஒயில் தண்ணியாப் போகும், பிஸ்ரன் றிங்கும் சிலிண்டரின்ர உட்சுவரும் (போர்) தேயும். அதால முதல் வேலை கொம்பிறசன், அதாவது சிலிண்டருக்குள்ள வாற அழுத்தம், பாக்கிறது. நாலு சிலிண்டரும் ஒண்டுக்கொண்டு கிட்ட வரவேணும். ஒண்டு இறங்கிக் கிடந்தால் அதைத் திருத்திப்போட்டு ஏசியைப் பற்றி யோசியுங்கோ.

அடுத்தது கறண்ட். இதிலதான் கனபேர் கவிழுறது. உங்கட லூக்காஸ் டைனமோ முழு வேகத்தில ஓடினாலும் 22 அம்பியருக்கு மேல தராது, ஐடிலில ஒண்டுமே தராது எண்டு சொல்லலாம். உள்ளுக்கை காத்து ஊதிற புளோவருக்கு எட்டோ பத்தோ அம்பியர், காஸின்ர சூட்டை வெளியில விடுற கொண்டென்சரின்ர ஃபேனுக்கும் அவ்வளவு, காஸை அமுக்கிற கொம்பிறசரின்ர கிளச்சுக்கு மூண்டு நாலு. பொழுதுபட்டு லைற்றையும் போட்டால் பற்றறிதான் இறங்கும். நான் முதல் பூட்டின காரில டைனமோவை மாத்தாமல் விட்டிட்டன். சொந்தக்காரர் இரவில புளியங்குளத்தில நிண்டு எனக்கு ரெலிபோன் எடுத்தார். குடும்பத்தோட வந்த மனுசன். இப்பவும் நினைச்சால் மனம் சுடுது.

ஆகவே டைனமோவுக்குப் பதிலா, 45 அம்பியருக்குக் குறையாத கறண்ட் தாற சின்ன ஜப்பான் ஓல்ரனேற்றர் ஒண்டு தேடுங்கோ. அதைப் போட முதல் எர்த்தை மைனஸ் பக்கம் மாத்தவேணும். மாத்தாமல் வயரைக் கொழுவினால் அந்தக் கணமே ஓல்ரனேற்றருக்குள்ள இருக்கிற டயோட் எரிஞ்சிடும். கொம்பிறசர் கிளச்சுக்குப் பிளஸ் மைனஸ் பேதமில்லை, ஆனால் புளோவரும் ஃபேனும் மாறிச் சுத்தும். எர்த்தை மாத்தேக்கை இக்னிசன் கொயிலில இருக்கிற ரெண்டு சின்ன வயரையும் இடம் மாத்துங்கோ, இல்லாட்டி ஸ்பார்க் பலம் குறையும். பழைய றேடியோ இருந்தால் வயரைக் கழட்டி விடுங்கோ. மைனரில இருக்கிறதே ரெண்டு பியூஸ். ஏசியை அதில தொடாதேங்கோ. பற்றறியில இருந்து தனி வயர், தனி பியூஸ், ஒவ்வொரு மோட்டருக்கும் ஒரு ரிலே.

கொம்பிறசர் வைக்க இடம் இருக்கோ எண்டு கேட்கப்போறியள். பொனற்றைத் திறந்து பாருங்கோ, எஞ்சினுக்கு ரெண்டு பக்கமும் வெளிச்சுக் கிடக்கும். இந்தக் காரை வடிவமைச்ச அலெக் இசிகோனிஸ், சிலிண்டருகள் ரெண்டு பக்கமும் படுத்துக் கிடக்கிற எஞ்சினைத்தான் இதுக்கு நினைச்சவர். அது சரிவரேல்லை, நிமிர்ந்த எஞ்சினோட 1948இல கார் வெளிக்கிட்டது. அவர் விட்ட அந்த அகலம்தான் எங்களுக்கு உதவுது. கொம்பிறசரை டைனமோவுக்கு மற்றப் பக்கம், கீழ வையுங்கோ. ஆனால் காபரேற்றரும் எக்ஸோஸ்ரும் அந்தப் பக்கம்தான், நடுவில தகடு ஒண்டு மறைப்பா வையுங்கோ. பிறாக்கெற் எஞ்சினிலதான் பிடிக்கவேணும், பொடியில இல்லை. எஞ்சின் ரப்பரில ஆடுற சாமான், கொம்பிறசரும் அதோட சேர்ந்து ஆடவேணும். இல்லாட்டி கிழமைக்கு ஒரு பெல்ட் வாங்குவியள். ரெண்டு தவாளிப் புல்லி லேத்தில கடைஞ்சு எடுக்கலாம்.

சண்டன் 508 எண்ட கொம்பிறசர் மலிவாக் கிடைக்குதெண்டு ஆரும் தந்தால் வாங்காதேங்கோ. அது 138 சீசீ, வானுகளுக்கு ஏற்றது. 505 எண்டால் 87 சீசீ, அது போதும். மாருதி, அல்ரோவின்ர கொம்பிறசரும் சரி.

மிச்சம் ரேடியேற்றர். கொண்டென்சர் அதுக்கு முன்னால நிக்கும், அது கக்கிற சூடு முழுக்க ரேடியேற்றருக்குள்ளதான் போகும். கழுவி எடுத்தால் போதாது, ஒரு வரிசை கூட்டிப் புது கோர் போடுவியுங்கோ. ஃபேனைச் சுத்தித் தகட்டுக் கூடு கட்டுங்கோ. மைனருக்குச் சூட்டு மீற்றரே வைக்கேல்லை, அதைக் கட்டாயம் பூட்டுங்கோ. தண்ணி 100 பாகைக்குக் கிட்டப் போனால் கொம்பிறசரைத் தானா நிப்பாட்டுற சுவிச் ஒண்டும் வேணும்.


வவுனியாப் பெடியன்:

எலெக்ரிக் கொம்பிறசர் எண்டு இப்ப வருதே, பெல்ட்டே தேவையில்லை. அது இலேசு இல்லையோ அண்ணை?


ஓமந்தை வயர்மன்:

தம்பி, 12 வோல்ற்றில அது ஐம்பது அறுபது அம்பியர் கேட்கும். அவ்வளவு கறண்டைத் தாற ஓல்ரனேற்றரைச் சுத்துறதும் அதே எஞ்சின்தான். மைனருக்கு வேண்டாம்.


விசுவமடுக்காரன்:

அண்ணை, உங்களுக்கு எப்பிடி நன்றி சொல்லுறதெண்டு தெரியேல்லை. டாஷ்போட் விசயம்? காஸ் நிரப்பேக்கை நான் எதைக் கவனிக்கவேணும்? ஏமாத்திப்போடுவினமோ எண்டு பயமாக் கிடக்கு.


ஓமந்தை வயர்மன்:

டாஷ்போட்டுக்குக் கீழ சாமான் வைக்கிற தட்டு இருக்குதெல்லோ, அதுக்குக் கீழ இடதுபக்கம் தொங்கவிடுற யூனிற் வாங்குங்கோ. நாலு போல்ற், எல்லாம் தட்டிலதான். கழட்டினால் கார் பழைய மாதிரியே இருக்கும். தண்ணி வடியிற குழாயை, நிலத்தில ரப்பர் போட்டு மூடின பழைய ஓட்டை ஒண்டாலயே இறக்கலாம்.

காஸ் ஆர் 134ஏ. பழைய ஆர் 12 காலத்துக் கொம்பிறசர் எண்டால் உள்ள இருக்கிற மினரல் ஒயில் இந்தக் காஸோட கலக்காது, வடிச்சுப்போட்டு ஏற்ற ஒயில் விடவேணும். ஈரத்தை உறிஞ்சுற குப்பி, ட்றையர், புதுசாத்தான் இருக்கவேணும். அதின்ர மூடியைக் கடைசியிலதான் கழட்டவேணும், ஏனெண்டால் காத்தில இருக்கிற ஈரத்தை உடன குடிச்சிடும். பிறகு, உள்ள இருக்கிற காத்தையும் ஈரத்தையும் இழுத்தெடுக்கிற வக்கியூம் பம்பை 45 நிமிசமாவது ஓடவிடச் சொல்லுங்கோ. பக்கத்தில நில்லுங்கோ. பத்து நிமிசத்தில நிப்பாட்டுறவை இருக்கினம். மிஞ்சின ஈரம் ஏசியின்ர வால்வில பனியா உறைஞ்சு, அரை மணித்தியாலம் குளிரும், பிறகு வெறும் காத்துத்தான் வரும். எரியக்கூடிய காஸைக் கலந்து மலிவா நிரப்பித் தாறம் எண்டு ஆரும் சொன்னால் காரை எடுத்துக்கொண்டு வந்திடுங்கோ. உள்ளுக்கை இருக்கப்போறது உங்கட அம்மா.

ஐடிலில கொம்பிறசர் பிடிக்கேக்கை எஞ்சின் தளம்பும். எஸ்யூ காபரேற்றரில திறொட்டில் கம்பியைக் கொஞ்சம் தூக்கிவிடுற வக்கியூம் டயபிரம் ஒண்டு பூட்டலாம்.

இன்னொண்டு. எல்லாரும் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில நிப்பாட்டுவம். ஓடிவந்த சூட்டோட எஞ்சினை நிப்பாட்டினால் தண்ணி ஓட்டம் நிண்டு சூடு ஏறும். கோயிலுக்கு ஒரு கிலோமீற்றருக்கு முன்னாலயே ஏசியை நிப்பாட்டுங்கோ. ஃபேனை மட்டும் ஓடவிட்டு, கொஞ்சம் பொறுத்து எஞ்சினை நிப்பாட்டுங்கோ.


பழையகார் விரும்பி:

நான் இப்ப வெளிநாட்டில. எங்கட ஐயாவும் மைனர்தான் வைச்சிருந்தவர். ஒரு வேண்டுகோள். கழட்டுற டைனமோவையும், எஞ்சினுக்குப் பின்பக்கத் தகட்டுச் சுவரில இருக்கிற, டைனமோவின்ர கறுத்தக் கொன்ற்றோல் பெட்டியையும் எறியவேண்டாம். பெட்டியை இருந்த இடத்திலயே விடுங்கோ, வயரை மட்டும் உள்ளால மாத்தலாம். டைனமோவைக் கிறீஸ் பூசி, எண்ணெய்த் தாளில சுத்தி வீட்டில வையுங்கோ. அந்தக் காரில உங்கட அப்பாவின்ர கை பட்ட சாமான் ஒண்டும் வெளியில போகக்கூடாது.


விசுவமடுக்காரன்:

ரெண்டு மாசத்துக்குப் பிறகு எழுதுறன்.

கொம்பிறசன் பாத்தம். மூண்டாவது சிலிண்டர் இறங்கிக் கிடந்தது. ஹெட்டைக் கழட்டினால் எக்ஸோஸ்ட் வால்வு ஒண்டு கருகி இருந்தது. சிலிண்டரின்ர உட்சுவர் பரவாயில்லை. வால்வை மாத்தி, மிச்சத்தையும் உரைஞ்சு இருத்தினம். ஏசி பூட்ட முதலே கார் இழுக்கிற விதம் மாறிட்டுது. அப்பா இருந்திருந்தால் அந்தச் சத்தத்தைக் கேட்டே சொல்லியிருப்பார்.

கூரைத் துணியைக் கழட்டேக்கை அதுக்கும் தகட்டுக்கும் நடுவில, 1998ஆம் ஆண்டுத் தேதியோட ஒரு துண்டு கிடந்தது. அப்பாவின்ர எழுத்து. ஆர் ஆரை எங்கை ஏத்தினது, ஆர் காசு தரவேணும் எண்டு கணக்கு. ஒட்டுசுட்டான், முள்ளியவளை, மல்லாவி. எடுத்துக் கண்ணாடி போட்டு வைச்சிருக்கிறன்.

ரேடியேற்றர் கோர், ஓல்ரனேற்றர், அல்ரோ கொம்பிறசர், தட்டுக்குக் கீழ யூனிற், எல்லாம் வயர்மன் அண்ணை சொன்ன ஒழுங்கிலதான். வக்கியூம் போடேக்கை 45 நிமிசமும் பக்கத்தில நிண்டன். டைனமோ எண்ணெய்த் தாளில அலுமாரிக்குள்ள இருக்கு.

நேற்று அம்மாவோட முதல் ஓட்டம். வெளியில 35 பாகை. கண்ணாடி நாலும் பூட்டு. கொக்காவில் தாண்டேக்கை உள்ளுக்கை 27, காத்து வாற வாயில 12. முறிகண்டியில சொன்ன மாதிரியே செய்தன், சூட்டு முள்ளு 92க்கு மேல போகேல்லை. அம்மா கச்சான் கொறிச்சுக்கொண்டு வந்தா. கனகராயன்குளத்தில பாத்தால் சீலைத் தலைப்பை இழுத்துத் தோளில போர்த்திக்கொண்டு நித்திரை. வவுனியாவில எழுப்பவேண்டி இருந்தது.

ஒரு குறை மட்டும் இருக்கு. கொம்பிறசர் பிடிக்கிற நேரம் பெல்ட் கீச்செண்டு கத்துது. நான் இன்னும் இறுக்கலாமோ?


ஓமந்தை வயர்மன்:

இறுக்கவேண்டாம் தம்பி, கொம்பிறசரின்ர முன்பேரிங் போயிடும். நேரான கம்பி ஒண்டை ரெண்டு புல்லிக்கும் குறுக்கால பிடிச்சுப் பாருங்கோ. ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் கத்தும். விலகி இருந்தால் பிறாக்கெற்றுக்குள்ள ஒரு வாசர் வைச்சால் சரிவரும். ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டிலதான், காரைக் கொண்டு வாங்கோ. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, இங்கை மத்தியானம் சாப்பிட்டிட்டுப் போகலாம்.