நாய், பூனை தத்துக்கு ஓர் ஆப்: முதலில் எதைச் செய்ய வேண்டும்?

பாளை_கோடர்:
வணக்கம். மொபைல் ஆப் எழுதுவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாளையங்கோட்டைக்கு வெளியே ஒரு விலங்குக் காப்பகத்துக்கு உதவிக்குப் போகிறேன். அங்கே தத்து கொடுப்பது முழுக்க ஒரு வாட்ஸ்அப் குரூப்பிலும் ஒரு நீள நோட்டிலும்தான் நடக்கிறது. குரூப்பில் குட்டியின் படம் போட்டால் கொஞ்ச நேரத்தில் அடியில் போய்விடுகிறது, எப்போதோ வீடு கிடைத்துப் போன நாயைக் கேட்டு இன்னும் போன் வருகிறது, கூண்டில் கிடக்கிற நாயைக் கேட்க ஆளில்லை. நோட்டில் ஊசி போட்ட தேதி ஒரு பக்கம், கொண்டுபோனவர் நம்பர் வேறொரு பக்கம். படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பது, இனம், வயது, ஆண் பெண் என்று ஃபில்டர், ‘எனக்கு வேண்டும்’ என்று ஒரு பட்டன், இவ்வளவுதான் இப்போது யோசித்திருக்கிறேன். இந்த வேலையில் இருக்கிறவர்கள் சொல்லுங்கள், வேறு என்ன வேண்டும்?

தாமிரபரணிக்காரி:
நல்ல காரியம் தம்பி. ஆனால் இன ஃபில்டரை எடுத்துவிடுங்கள். ராஜபாளையம் இருக்கா, சிப்பிப்பாறை இருக்கா, லேப்ரடார் இருக்கா என்றுதான் வருகிறவர்கள் கேட்பார்கள். காப்பகத்தில் இருப்பதோ பெரும்பாலும் நம் தெருவில் பிறந்த நாட்டு நாய்கள். அந்த ஃபில்டர் இருந்தால் அதுகள் திரையிலேயே வராது. பெட்டைக்கும் இதே கதிதான், குட்டி போடும், வேண்டாம் என்று முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அதனால் ‘கருத்தடை ஆகிவிட்டது’ என்பது பெயருக்குப் பக்கத்திலேயே பெரிதாகத் தெரியட்டும். கருத்தடை செய்த தெருநாய்க்கு அடையாளமாகக் காது நுனியில் ஒரு வெட்டு இருக்கும், அதைப் படத்தில் பார்த்துக் காயம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு, அதற்கும் ஒரு வரி போடுங்கள்.

அப்புறம் கேள்விகள். வாடகை வீடா, ஓனர் சம்மதித்தாரா (ஓனரிடமே போனில் பேசிவிடுவது நல்லது), ஒரு நாளில் எவ்வளவு நேரம் சங்கிலியில் இருக்கும்? தோட்டக் காவலுக்கு என்று வாங்கிப் போய் பம்புசெட் அறையில் நாள் முழுக்கக் கட்டிப்போடுகிறவர்களுக்குக் கொடுக்க எனக்கு மனசு வராது. வீட்டில் சோறு வைக்கப் போவது யார் என்று கேட்டு, அந்த ஆளிடமே பேசுங்கள். பிள்ளை ஆசைப்பட்டுத் தூக்கிக்கொண்டு போவான், அம்மாவுக்கு இஷ்டம் இருக்காது, பத்து நாளில் திரும்பி வந்துவிடும்.

இன்னொன்று. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெருநாய் வழக்கில், தத்தெடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவர் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறது. அதனால் ‘என்னால் முடியவில்லை, திருப்பித் தருகிறேன்’ என்று ஒரு பட்டன் கட்டாயம் வேண்டும். திட்டு விழும் என்று பயந்தால் ராத்திரியோடு ராத்திரியாக பைபாஸில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள்.

ராமையன்பட்டி_மாணவன்:
இங்கே கால்நடை மருத்துவம் படிக்கிறேன். ‘ஊசி போட்டாச்சு’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். எந்த ஊசி, என்றைக்கு, அடுத்தது எப்போது, மூன்றும் வேண்டும். குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் கூட்டுத் தடுப்பூசி (பல நோய்களுக்குச் சேர்த்து ஒரே ஊசி) ஆரம்பித்து, 3, 4 வாரத்துக்கு ஒருமுறை 16 வாரம் வரை போட வேண்டும். வெறிநோய் ஊசி 3 மாதத்தில். பாதியில் கொண்டுபோகிறவர்கள் மீதியை மறந்துவிடுகிறார்கள், ஆப்தான் அவர்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டும்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி அவசியம்: போன வருஷம் உங்கள் வீட்டில் குட்டி ஏதாவது ரத்தக் கழிச்சலில் செத்ததா? குட்டிகளுக்கு அந்தக் கழிச்சலைக் கொடுக்கிற பார்வோ கிருமி மண்ணில் பல மாதம் கிடக்கும், சாணி தெளித்துக் கழுவினாலும் போகாது. ஆமாம் என்றால் அந்த வீட்டுக்கு ஊசி முடிந்த பெரிய நாயைத்தான் காட்ட வேண்டும். அதே மாதிரி காப்பகத்துக்குப் புதிதாக வந்த குட்டிக்கு 14 நாள் வரை ‘எனக்கு வேண்டும்’ பட்டனே வேலை செய்யக் கூடாது. உள்ளே நோய் இருந்தால் அதற்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கல்லிடை_விவசாயி:
எடுத்துக்கொண்டு போனவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன் தம்பி. நாங்கள் வளர்ந்த பெட்டை ஒன்றைக் கொண்டுவந்தோம். வந்ததும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது, பால் சோறு வைத்தாலும் கருவாடு வைத்தாலும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சீக்கு நாயைத் தலையில் கட்டிவிட்டார்கள், கொண்டுபோய் விட்டுவிடு என்று வீட்டில் ஒரே சத்தம். அந்த நேரம் காப்பகத்துப் பிள்ளை போன் போட்டு, யாரும் தடவப் போகாதீர்கள், தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், ராத்திரி தின்னும் என்றது. அப்படியேதான் தின்றது. அந்த ஒரு போன் வராவிட்டால் அது இன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்திருக்காது. முதல் வாரத்தில் யார், எப்போது கூப்பிட வேண்டும் என்பதை ஆப்பிலேயே வைத்துவிடுங்கள். பிறகு, எங்கள் அப்பா மாதிரி ஆட்களுக்கு டைப் அடிக்க வராது, பேசி அனுப்ப வழி இருக்கட்டும்.

தாமிரபரணிக்காரி:
அண்ணாச்சி சொன்னதுதான் முக்கியம். 3 நாள், 3 வாரம், 3 மாதம் என்று மீட்பு வேலை செய்கிறவர்கள் ஒரு கணக்குச் சொல்வோம். 3 நாள் பயம், 3 வாரத்தில் வீட்டுப் பழக்கம், 3 மாதத்தில் நம் நாய். மூன்றுக்கும் ஒவ்வொரு போன்.

பாளை_கோடர்:
ரொம்ப நன்றி. அப்படியென்றால் படம் பார்க்கும் பக்கத்தைச் சின்னதாக வைத்துக்கொண்டு, கொண்டுபோன பிறகு கூப்பிடுவதையும் ஊசித் தேதிகளையும் முதலில் எழுதுகிறேன். ஒன்று மட்டும், காப்பகம் இருக்கும் இடத்தை மேப்பில் காட்டலாமா?

தாமிரபரணிக்காரி:
வேண்டாம் தம்பி. இடம் தெரிந்தால் மழைக்காலத்தில் விடிந்ததும் கேட்டில் அட்டைப்பெட்டியில் கண் திறக்காத குட்டிகள் இருக்கும். பேசி முடிவான பிறகு அவருக்கு மட்டும் வழி அனுப்புங்கள்.