திரும்பப் பெற்றுப் புதுப்பிக்கும் வகையில் நீர்மூழ்கி மோட்டாரை வடிவமைப்பது எப்படி?

கேள்வி: பம்பு வடிவமைப்பாளர், கோயம்புத்தூர்

அனைவருக்கும் வணக்கம். ஆறு அங்குல ஆழ்துளைக் கிணறுகளுக்கான, உள்ளே நீர் நிரப்பி இயக்கும் நீர்மூழ்கி மோட்டார்களை வடிவமைத்து வருகிறேன். மோட்டாரின் காயில் (கம்பிச்சுற்று) எரிந்தால், கம்பியை மறுபடி சுற்றித் தரும் ரீவைண்டிங் கடையில் கொடுத்து மீண்டும் ஓட்டுவது நம் விவசாயிகளுக்குப் பழகிய வழிதான்; ஆனால் பல நேரங்களில் கம்பி மட்டும் புதிதாகிறது, தேய்ந்த புஷ்ஷும் (சுழலும் தண்டைச் சுற்றித் தாங்கும் வளையம்) த்ரஸ்ட் பேரிங்கும் (தண்டின் நீளவாக்கில் வரும் அழுத்தத்தைத் தாங்குவது) அப்படியே உள்ளே போய்விடுகின்றன. பழைய மோட்டாரை நாங்களே திரும்பப் பெற்று, முழுவதும் பிரித்துச் சீரமைத்து, புதியதற்கு இணையான உத்தரவாதத்துடன் விற்க எண்ணுகிறோம். மறுபுறம், செலவைக் குறைக்க போல்ட்டுகளை நீக்கி, வெளிக்கூட்டின் விளிம்பை மடித்து மூடிவிடலாம் என்ற பேச்சும் இருக்கிறது. வரைபட நிலையிலேயே எவற்றைக் கவனிக்க வேண்டும்?

மறுமொழி 1: எஞ்சின் சீரமைப்புப் பட்டறை, நாமக்கல்

விளிம்பை மடிக்கும் யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள். அப்படி மூடிய கூட்டை வெட்டித்தான் திறக்க முடியும். வெட்டிய கூடு மறுபடி உதவாது.

லாரி எஞ்சின் பல முறை பிரித்துக் கட்டப்பட்டும் உழைப்பதற்குக் காரணம், எது தேய வேண்டும் என்பதை அதை வடிவமைத்தவர்கள் முன்கூட்டியே முடிவு செய்ததுதான். பிஸ்டன் உரசுவது லைனர் என்ற உள் உறையில். லைனரைக் கழற்றி மாற்றினால் விலையுயர்ந்த பிளாக் (எஞ்சினின் உடல்) அப்படியே நிற்கும். எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டை 0.25, 0.50 மில்லிமீட்டர் என்று படிப்படியாகக் கிரைண்டிங் செய்து, அந்தந்த அளவுக்கு உரிய அண்டர்சைஸ் பேரிங்கைப் போட்டுக்கொள்ளலாம். இதற்கு மேற்பரப்பின் கடினத்தன்மை போதிய ஆழம்வரை இறங்கியிருக்க வேண்டும். நைட்ரஜன் ஊட்டிக் கடினமாக்கும் நைட்ரைடிங் முறையில் உருவான மெல்லிய அடுக்கோ கிரைண்டிங்கில் போய்விடும் என்பதால் அந்தப் பதப்படுத்தலை மறுபடி செய்ய வேண்டிவரும். உங்கள் மோட்டாரில் புஷ் நேரடியாக ரோட்டார் (சுழலும் பகுதி) ஷாஃப்ட்டில் உரசினால், சில ஆண்டுகளில் ஷாஃப்ட்டே பழுதாகும். அந்த இடத்தில் கழற்றி மாற்றக்கூடிய ஸ்லீவ் (குழாய் வடிவ உறை) ஒன்றைப் பொருத்துங்கள். தேய்மானம் முழுவதும் அதோடு நின்றுவிடும்.

மறுமொழி 2: ரீவைண்டிங் கடை, பொள்ளாச்சி

வார்னிஷ் ஊற்றிய காயிலை எடுக்க ஸ்டேட்டரை (காயில் சுற்றப்பட்ட, சுழலாத பகுதி) சூடேற்றி எரிக்க வேண்டியிருக்கும்; வெப்பம் மிகுந்தால், அதில் அடுக்கியுள்ள மெல்லிய ஸ்டாம்பிங் தகடுகளுக்கு இடையிலுள்ள காப்பு கெட்டு, மோட்டார் முன்னைவிட அதிகமாகச் சூடாகும். நீர் நிரப்பும் மோட்டாரில் பிவிசி உறையிட்ட கம்பியைத் துளை வழியே கோத்துச் சுற்றுவதால், ஒரு முனையில் வெட்டி மறுமுனையில் இழுத்தாலே கம்பி வந்துவிடும், ஸ்டேட்டருக்கும் சேதமில்லை. இந்த நற்குணத்தை எக்காரணம் கொண்டும் இழந்துவிடாதீர்கள்.

இன்னொன்று, ஸ்டிக்கர் கிணற்று நீரில் நிலைப்பதில்லை. வரிசை எண், கம்பி அளவு, சுற்றுகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கூட்டின்மீதே பொறித்துவிட்டால் அடுத்து திறப்பவர் ஊகிக்க வேண்டியிருக்காது. அவர் உங்கள் ஆளாக இருந்தாலும் எங்களைப் போன்றவராக இருந்தாலும் அது உதவும்.

மறுமொழி 3: உதிரிபாக விநியோகஸ்தர், திருச்சி

வடிவமைப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், பழைய மோட்டார் உங்களிடம் வந்து சேர வேண்டுமே! செம்புக்கும் துருப்பிடிக்காத எஃகுக்கும் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் விலையைவிட, நீங்கள் திருப்பித் தரும் தொகை அதிகமாக இருக்க வேண்டும். 1973 முதல் மறுஉற்பத்தி (பழைய பாகத்தைப் புதியதுபோல் சீரமைத்து விற்பது) செய்துவரும் கனரக இயந்திர நிறுவனமான கேட்டர்பில்லர், புதுப்பித்த பாகத்தை விற்கும்போதே ஒரு முன்பணம் வாங்கிக்கொண்டு, பழைய பாகத்தின் நிலையைப் பார்த்து அந்தப் பணத்தைத் திருப்பித் தருகிறது. மேலும், பயிர் வாடும்போது விவசாயியால் காத்திருக்க முடியாது. புதுப்பித்த மோட்டாரை அன்றே கொடுத்துவிட்டு எரிந்ததை வாங்கிக்கொள்ளும் அளவுக்கு உங்கள் விற்பனையாளரிடம் இருப்பு வேண்டும்; இல்லையெனில் விவசாயி ரீவைண்டிங் கடைக்குத்தான் போவார், அது நியாயமும்கூட.

மறுமொழி 4: மின் பொறியாளர், ஈரோடு

செயல்திறன் குறைந்த மோட்டாரைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்தால், மிச்சமாகும் இரும்பையும் செம்பையும்விட வீணாகும் மின்சாரம் பெரிய இழப்பாகிவிடலாம். தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் இந்த இழப்பு விவசாயியின் கண்ணில் படாது. ஆகவே அதைக் கணக்கில் எடுக்கும் பொறுப்பு உற்பத்தியாளரான உங்களுடையது. சீரமைத்த ஒவ்வொரு மோட்டாரையும் விற்கும் முன் சோதனை மேடையில் ஏற்றிச் செயல்திறனை அளந்துவிடுங்கள். மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் முகப்பு நீமா (NEMA, அமெரிக்க மின்சாதன உற்பத்தியாளர் சங்கம்) தரஅளவிலேயே இருக்கட்டும். அப்போதுதான் நல்ல நிலையிலுள்ள பழைய மோட்டாருடன் மேம்பட்ட புதிய பம்பைப் பொருத்த வழியிருக்கும்.